கொதி வந்தப்புறமும் தீயைக் கூட்டியே வச்சா சோறு சீக்கிரம் வெந்துருமா? (மட்டை அரிசி, சாயா, மிக்ஸி மாவு எல்லாம் உள்ள வந்துருச்சு)

புளியரை மைந்தன்:
வணக்கம் மக்களே. நமக்கு ஊரு செங்கோட்டை பக்கம் புளியரை, வீட்டுக்காரிக்குக் கேரளாவுல புனலூர். அதனால மத்தியானம் கேரளத்துச் செவப்பு மட்டை அரிசி, ராத்திரி பொன்னின்னு ஒரு உடன்படிக்கைல வண்டி ஓடுது. இந்த மட்டை அரிசி வேகுறதுக்குள்ள முக்கா மணி நேரம் போயிருது. உலை கொதிச்சு அரிசி போட்டு திரும்பக் கொதி வந்தப்புறமும் எங்கம்மா பர்னரை ஃபுல்லுலயேதான் வச்சிருக்காங்க, தளதளன்னு கொதிச்சாத்தாம்லே சோறு வேகும், சிம்ல வச்சா விதை விதையா நிக்கும்ங்காங்க. இவ என்னன்னா கொதி வந்ததும் சிம்ல போட்டு மூடுங்க அத்தைங்கா. சிலிண்டர் விக்கிற விலைக்கு யார் சொல்றது சரின்னு தெரிஞ்சா நல்லாருக்கும். தீர்ப்பு மட்டும் சொல்லுங்க, அதை வீட்ல போயி சொல்ற தைரியம் எனக்கு இல்ல.

கடையத்துக்காரி:
இதுல என்ன சந்தேகம், அத்தை சொல்றதுதான். தீ ஜாஸ்தி, சூடு ஜாஸ்தி, சீக்கிரம் வேகும். கல்யாண வீட்டுல தவசுப்பிள்ளை யாராவது சிம்ல வச்சு சோறு ஆக்கிப் பாத்திருக்கீகளா?

தென்காசி வாத்தி:
கடையத்தக்கா, தீ ஜாஸ்தின்னா உள்ள போற சூடு ஜாஸ்தி, அது சரி. ஆனா தண்ணியோட டிகிரி ஜாஸ்தி ஆகாது. அதான் விஷயமே. திறந்த பாத்திரத்துல தண்ணி 100 டிகிரிக்கு வந்துட்டா அதுக்கு மேல ஒரு புள்ளி ஏறாது, நீங்க கீழ எத்தனை பர்னர் வச்சாலும் சரி. அடில எரியிற கேஸ் பூரா தண்ணியை ஆவியாக்கத்தான் போகும். அரிசிக்குத் தெரியறது சுத்தி இருக்க தண்ணி எத்தனை டிகிரின்னு மட்டும்தான், தளதளன்னு கொதிக்கிதா மெல்ல கொதிக்கிதான்னு அதுக்குத் தெரியாது.

கணக்கு போட்டே காட்டிருதேன். 1 லிட்டர் தண்ணியை 30 டிகிரில இருந்து 100-க்குக் கொண்டு வர சுமார் 293 கிலோஜூல் வேணும். அதே 1 லிட்டரை முழுசா ஆவியாக்க 2257 கிலோஜூல். ஏழரை மடங்குக்கும் மேல. அப்ப கொதிக்க வைக்கிறது செலவே இல்ல, கொதிச்சப்புறம் ஆவியா விடுறதுதான் செலவு. ஃபுல் தீல ஒரு பர்னர் பாத்திரத்துக்குள்ள தேவைக்கு மேல 1 கிலோவாட் தள்ளுதுன்னு வைங்க, அரை மணி நேரத்துல கிட்டத்தட்ட 800 மில்லி தண்ணி ஆவியாப் போயிரும். அந்த ஆவி ஒரு பருக்கையையும் வேக வைக்கல, ஜன்னல் வழியா வெளிய போயிருச்சு.

கேஸ் கணக்குல பாத்தா, ஒரு கிலோ எல்பிஜில சுமார் 46 மெகாஜூல் இருக்கு, அடுப்புல அதுல முக்காவாசிக்குக் கொஞ்சம் கம்மியாத்தான் பாத்திரத்துக்குப் போகும், 65 சதவீதம்னு வச்சா அந்த 800 மில்லி ஆவிக்கு 60 கிராம் கேஸ். தினம் ஒருவேளைன்னா மாசத்துக்கு 1.8 கிலோ. 14.2 கிலோ சிலிண்டர்ல இது எத்தனை பங்குன்னு புளியரையாரே போட்டுக்கிடட்டும்.

கடையத்துக்காரி:
வாத்தியாரே கணக்கெல்லாம் சரி, நான் சிம்ல வச்சுப் பாத்திருக்கேன், சோறு அடில பிடிச்சு மேல நறுக்குன்னு நிக்கும். இதுக்கு உங்க கிலோஜூல் என்ன சொல்லுது?

தென்காசி வாத்தி:
நல்ல கேள்வி. ரெண்டு விஷயம் இருக்கு அதுல. ஒண்ணு, அரிசி போட்ட உடனே தண்ணி டிகிரி பொசுக்குன்னு இறங்கும், ஊற வச்ச ஈர அரிசின்னா இன்னும். அப்பவே சிம்ல போட்டா திரும்பக் கொதிக்கு வர்றதுக்கே காலம் ஆகும், அதுவரைக்கும் ஃபுல்தான் வைக்கணும், மறுகொதி வந்தப்புறம்தான் சிம். ரெண்டாவது, தளதளன்னு கொதிக்கிறப்ப குமிழி அடில இருந்து மேல வந்து பருக்கையைத் தூக்கித் தூக்கிப் போடும், அதனால அடில ஒட்டாது, மேலயும் கீழயும் ஒரே மாதிரி வேகும். சிம்ல அந்தக் கிளறல் கம்மி. அதுக்கு இடையில ரெண்டு தடவை அடியோட கிளறி விட்டா முடிஞ்சது. அத்தைமார் கைப்பழக்கத்துல அர்த்தம் இருக்கு, காரணம்தான் வேற. கல்யாண வீட்டு வட்டால அம்பது படி அரிசி கெடக்கும், ஒரு ஆள் துடுப்பு போட்டுக் கிளறி மாளாது, அங்க தீதான் கிளறுது.

புளியரை மைந்தன்:
மூடி போடறது பத்தியும் சொல்லுங்க. மூடுனா பொங்கிருது. மட்டை அரிசிக் கஞ்சி பொங்கி பர்னர் ஓட்டைல இறங்கி செவப்பா காஞ்சு ஒட்டிக்கிடுது, அப்புறம் ஊக்கு வச்சு ஒவ்வொரு ஓட்டையா குத்தி எடுக்கிறது எம் பொழப்பு. பாதி ஓட்டை அடைஞ்ச பர்னர்ல மஞ்சத் தீ எரிஞ்சு பாத்திரத்துக்கு அடில கரி வேற.

தென்காசி வாத்தி:
ஃபுல் தீல மூடுனா பொங்கத்தான் செய்யும், சிம்ல மூடுங்க, லேசா ஒரு விரக்கடை விலக்கி வைங்க. ஆவி வெளிய ஓடாட்டியே பாதி லாபம். மஞ்சத் தீன்னா காத்து சரியாக் கலக்கல, கேஸ் அரைகுறையா எரியுதுன்னு அர்த்தம், அதுவும் நட்டம்தான்.

பாலக்காட்டு மருமக:
நடுவுல வரதுக்கு மன்னிக்கணும். கோயம்புத்தூர்ல பொறந்து பாலக்காட்டுல வாக்கப்பட்டவ நான். எங்க மாமியார் வீட்டுல தீயே இல்லாமத்தான் மட்டை அரிசி வேகுது, நெஜமாத்தான். சூடாறாப்பெட்டின்னு ஒண்ணு இருக்குங்க. பெட்டிக்குள்ள சுத்தி தெர்மோகோல், நடுவுல பாத்திரம் கச்சிதமா உக்கார்ற குழி, மேல ஒரு மெத்தை மாதிரி மூடி. அரிசியை நல்லா தண்ணி விட்டு அடுப்புல வச்சு மறுகொதி வந்து ஒரு பத்து நிமிசம் கொதிச்சதும் அப்படியே மூடியோட தூக்கி பெட்டில இறக்கி அடைச்சிருவாங்க. ஒரு மணி நேரத்துக்கு மேல கழிச்சு எடுத்தா பூ மாதிரி வெந்திருக்கும், வடிச்சா முடிஞ்சது. அந்த நேரம் மாமியார் குளிச்சு அம்பலத்துக்கே போயிட்டு வந்துருவாங்க.

இதைக் கேரளாவுல வீடு வீடாக் கொண்டு போனது கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் ஆளுங்க. 1962-ல ஆரம்பிச்ச அமைப்பு, சயின்ஸை சாதாரண சனத்துக்குச் சொல்றதுக்குன்னே. விறகு கம்மியா குடிக்கிற பரிஷத் அடுப்புன்னு அதுவும் அவங்களோடதுதான். இங்க முண்டூர்ல அவங்க ஆராய்ச்சி நிலையம் இருக்குதுங்க. நம்ம பக்கம் ஏன் இதெல்லாம் பரவலைன்னு எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு, வாளையார் செக்போஸ்ட்டத் தாண்டி தேங்காயும் ஓணம் சேலையும் வருது, இது மட்டும் வரல.

கடையத்துக்காரி:
அடுப்பே இல்லாம வேகுமா, என்னம்மா சொல்லுத? சூடு ஆறிராது?

தென்காசி வாத்தி:
ஆறும், ஆனா மெதுவா. அரிசி மாவுச்சத்து வேகறதுக்கு 100 டிகிரியே வேண்டாம்க்கா, 75 டிகிரி தாண்டி இருந்தாலே வேகும், டிகிரி கூட இருந்தா வேகமா வேகும் அவ்வளவுதான். ஒரு 4 லிட்டர் கொதிநீர் பெட்டிக்குள்ள இருக்கு, பெட்டி நல்லா அடைச்சு வெறும் 20 வாட்தான் வெளிய கசியுதுன்னா மணிக்கு நாலு டிகிரி சொச்சம்தான் இறங்கும். ஒரு மணி நேரம் கழிச்சும் 90-க்கு மேல நிக்கும். பாத்திரம் நிறைய இருக்கணும், அரை டம்ளர் அரிசியைப் போட்டுட்டு பெட்டி சரியில்லன்னு சொல்லக்கூடாது, தண்ணி கம்மின்னா கையிருப்பு சூடும் கம்மி. நடுவுல தொறந்து பாக்கவும் கூடாது, தொறந்தா ஆவி போயி டிகிரி இறங்கிரும், பெட்டிக்குள்ள அதை ஏத்தறதுக்கு தீ கெடையாது.

எஸ்டேட் பையன்:
நான் மூணாறு. இங்க எங்க எஸ்டேட் லயத்துல (தொழிலாளர் லைன் வீடுங்க) எல்லாரும் தமிழ்தான். தண்ணி 100-ல கொதிக்கும்ங்கறது உங்க கீழ்நாட்டுக் கதை, எங்களுக்கு 95-லயே கொதிச்சிரும். ஏறக்குறைய 300 மீட்டர் மேல போனா ஒரு டிகிரி கொறையும், நாங்க 1500 மீட்டர்ல இருக்கோம். ஊருல இருந்து விருந்தாளி வந்தா தண்ணி இப்படிக் கொதிக்குதே பருப்பு ஏன் இன்னும் வேகலன்னு கேப்பாங்க. தீயைக் கூட்டி ஒரு புண்ணியமும் இல்ல, அதே 95-தான். அதனால குக்கர் இல்லாத வீடே கெடையாது எங்க லைன்ல.

புளியரை மைந்தன்:
குக்கர்னதும் ஞாபகம் வருது, விசில் கணக்கும் ஒரு பஞ்சாயத்து எங்க வீட்ல. துவரம்பருப்புக்கு அம்மா 3-ங்காங்க, இவ 5-ங்கா.

எஸ்டேட் பையன்:
விசிலை எண்றதே வேஸ்ட் அண்ணாச்சி. வெயிட்டு தூக்குற அளவுக்கு உள்ள பிரஷர் ஏறிட்டா, வெளிக் காத்தழுத்தம் போல இன்னொரு பங்கு உள்ள சேந்திருக்கும், டிகிரி 120 கிட்ட. எங்க உயரத்துல 118. அதுக்கு மேல தீயைக் கூட்டினா டிகிரி ஏறாது, வெயிட்டு ஆவியை வெளிய விட்டுரும், அதான் விசில். ஃபுல் தீல 5 விசில் நாலு நிமிசத்துல வந்துரும், சிம்ல ரெண்டு விசில் வர பத்து நிமிசம் ஆகும், ரெண்டுல எது நல்லா வெந்திருக்கும் சொல்லுங்க. முதல் விசில் வந்ததும் சிம்ல போட்டு கடிகாரத்தைப் பாருங்க. விசில் ஜாஸ்தி அடிக்கிற வீடு கேஸ் ஜாஸ்தி விடுற வீடு.

கடையத்துக்காரி:
சிம்ல வச்சா விசிலே வரமாட்டேங்கு எங்க குக்கர்ல.

எஸ்டேட் பையன்:
வெயிட்டு லேசா ஆடிக்கிட்டு புஸ்ஸுன்னு சத்தம் வருதுன்னா பிரஷர் உள்ள இருக்குன்னு அர்த்தம்க்கா, விசில் தேவையில்ல. அந்த புஸ்ஸும் இல்லன்னா தீயை ஒரு பொடி கூட்டுங்க. கைப்பிடி பக்கம் ஆவி வந்தா கேஸ்கட் மாத்துங்க.

பார்டர் சாயாக்கடை:
எல்லாரும் சோத்தையே பேசுதீங்க. ஆரியங்காவு போற ரோட்டுல சாயாக்கடை வச்சிருக்கேன் நான். நேத்து ஒரு காலேஜ் பையன் சாயா குடிக்க வந்தவன் சொல்லுதான், அண்ணாச்சி நீங்க சாயாவை உசரத்துல இருந்து ஆத்தும்போது விழுற வேகத்துல கைனடிக் எனர்ஜி இருக்கு, அது டம்ளர்ல மோதினதும் சூடா மாறும், அதனால ஆத்தறது சூட்டை ஏத்தும்னு. நான் பொழுதன்னிக்கும் ஆத்துறேன், சூடு குறையத்தான் குறையுது. அவன் புஸ்தகத்தைக் காட்டுதான். வாத்தியார் என்ன சொல்லுதீங்க?

தென்காசி வாத்தி:
அண்ணாச்சி, பையன் சொன்னதுல தத்துவம் சரி, அளவுதான் தெரியல அவனுக்கு. ஒரு மீட்டர் உயரத்துல இருந்து ஊத்துறீங்க, சாயா டம்ளருக்கு வரும்போது வேகம் நொடிக்கு 4.4 மீட்டர், சைக்கிள் வேகம். அந்த வேகம் பூராவும் சூடா மாறிடுச்சுன்னே வைங்க, ஏறுற டிகிரி 0.0023. டிகிரில ஆயிரத்துல ரெண்டு பங்கு சொச்சம். ஒரே ஒரு டிகிரி ஏத்தணும்னா நீங்க 427 மீட்டர் உசரத்துல நின்னு ஆத்தணும், நடுவுல காத்தே இருக்கக் கூடாது.

இந்தக் கணக்கை உலகத்துக்குப் போட்டுக் கொடுத்தவர் ஜேம்ஸ் ஜூல், இங்கிலாந்துல சால்ஃபோர்டுக்காரரு, குடும்பத் தொழில் பீர் காய்ச்சுறது, அதனாலயோ என்னவோ தெர்மாமீட்டர் கையில மனுசன் கில்லாடி. 1840-கள்ல எடைக்கல்லை கீழ இறங்க விட்டு, அது தண்ணிக்குள்ள துடுப்பைச் சுத்த, தண்ணி எவ்வளவு சூடாகுதுன்னு அளந்தாரு. நயாகரா அருவி 160 அடி விழுறதுல தண்ணி பாரன்ஹீட்ல அஞ்சுல ஒரு பங்கு டிகிரிதான் ஏறும்னு 1845-லயே எழுதிட்டாரு. நம்ம குத்தாலம் மெயினருவில நனையற யாருக்காவது தண்ணி சுடுதா? 60 மீட்டர்னு வச்சாலும் 0.14 டிகிரிதான்.

இப்ப ஏன் ஆறுது? ஆத்தும்போது சாயா நீளமா கயிறு மாதிரி இழுபடுது, காத்து படுற பரப்பு பல மடங்கு ஆகுது, ஆவி பறக்குது. 100 மில்லி சாயாவுல ஒரே ஒரு கிராம் ஆவியாப் போனா போதும், 5 டிகிரி இறங்கிரும். ஏறுறது ஆயிரத்துல ரெண்டு, இறங்குறது அஞ்சு. பையன்கிட்ட இதைச் சொல்லுங்க, ஒரு சாயா அவன் கணக்குல எழுதிக்கிடுங்க.

பார்டர் சாயாக்கடை:
எழுதியாச்சு. ஆனா ஒண்ணு சொல்லணும், நான் ஆத்துறது ஆறுறதுக்கு மட்டும் இல்ல. மேல கை போகும்போது மக்கைச் சரிக்கிற சரிப்புல ஒரு கணக்கு இருக்கு, தாரை ஒடையாம விழணும், கீழ டம்ளரை ஒரு ஓரமா பிடிச்சா சுவத்துல பட்டு சுழிச்சுக்கிட்டு ஏறும், நேரா நடுவுல விட்டா தெறிக்கும் நுரை நிக்காது. பாலும் டிக்காஷனும் சக்கரையும் அங்கதான் கலக்குது, ஸ்பூன் போட்டுக் கலக்குனா அந்த ருசி வராது. மேக்கருந்து வர்ற லாரிக்காரங்க நுரை இல்லாட்டி கிளாசையே திருப்பிக் கொடுத்துருவாங்க.

தென்காசி வாத்தி:
அதேதான் அண்ணாச்சி, வேகம் வேலை செய்யிறது அங்கதான். சூடாக்க அது பத்தாது, ஆனா கலக்கவும் காத்தை உள்ள அடிச்சு நுரை கட்டவும் அதுவே தாராளம்.

பாலக்காட்டு மருமக:
அப்ப மிக்ஸில மாவு அரைச்சா மட்டும் ஏனுங்க சுடுது? அதுவும் சுத்துறதுதானே? போன வாரம் கரண்ட்டு கிரைண்டர் ரிப்பேரு, மிக்ஸில உளுந்து போட்டேன், ஜாரைத் தொட்டா வெதுவெதுன்னு இருக்கு, இட்லி கல்லு மாதிரி வந்துச்சு. மாமியார் ஒண்ணும் சொல்லல, சாம்பார் மட்டும் ரெண்டு கரண்டி ஜாஸ்தி விட்டுக்கிட்டாங்க.

தென்காசி வாத்தி:
சாயா ஒரே ஒரு தடவை விழுது. மிக்ஸி பிளேடு நிமிசத்துக்கு ஆயிரக்கணக்கான சுத்து, விடாம அடிச்சுக்கிட்டே இருக்கு. 750 வாட் மிக்ஸி 3 நிமிசம் ஓடுனா 135 கிலோஜூல் கரண்ட்டு. அதுல பாதி மோட்டார் சூட்டுலயும் சத்தத்துலயும் போகட்டும், மீதிப் பாதி மாவுக்குள்ள உராய்வுல சூடா இறங்கும். ஒரு கிலோ மாவுன்னா 19 டிகிரி வரைக்கும் ஏறலாம். 30-ல ஆரம்பிச்சது 49. உளுந்துல புளிக்க வைக்கிற நுண்ணுயிரிக்கு 30 பக்கம்தான் சுகம், 45, 50-ன்னா அதுங்க பாடு திண்டாட்டம். ரம்ஃபோர்டுன்னு ஒருத்தர் 1798-ல எழுதினாரு, மியூனிக்ல பீரங்கிக் குழாய் குடையும்போது மொட்டைத் துரப்பணத்தை அழுத்திச் சுத்த விட்டு சுத்தி இருந்த தண்ணியை ரெண்டரை மணி நேரத்துல கொதிக்கவே வச்சுட்டாருன்னு. தீயே இல்லாம. உங்க மிக்ஸி அதைத்தான் சின்னதா பண்ணுது.

எஸ்டேட் பையன்:
வாத்தியாரே ஒரு நிமிசம். கிரைண்டர் 150 வாட், அரை மணி நேரம் ஓடுது, 270 கிலோஜூல். மிக்ஸியை விட ரெண்டு மடங்கு! அப்ப கிரைண்டர் மாவுதானே ஜாஸ்தி சுடணும்? உங்க கணக்கு இங்க உதைக்குதே.

தென்காசி வாத்தி:
உதைக்கல தம்பி, எதுக்குள்ள எவ்வளவு நேரத்துல போகுதுன்னு பாக்கணும். கிரைண்டர்ல ரெண்டரை கிலோ மாவு, கூடவே பல கிலோ கருங்கல்லு, அதுவும் சூட்டை வாங்கிக்கிடும். பாதி சூடு உள்ள இறங்குச்சுன்னா கூட மாவும் கல்லும் சேந்து 10 டிகிரி ஏறலாம், அதுவும் ஒண்ணும் வெளிய போகலன்னாத்தான். ஆனா அரை மணி நேரமா டிரம்முக்குள்ள மாவு தொறந்த வாக்குல சுவத்துல ஏறி ஏறி விழுது, காத்து படுது, ஆவி பறக்குது, பாதிக்கு மேல அங்கயே போயிரும். மிக்ஸி ஜாரு மூடி இருக்கு, 3 நிமிசத்துல சூடு எங்க ஓடும்? போதாததுக்கு கிரைண்டர்ல உளுந்து காத்தை வாங்கி பொங்கும், மிக்ஸி பிளேடு வெட்டித் தள்ளுமே தவிர அந்தப் பொங்கல் வராது. கோயம்புத்தூர் கிரைண்டருக்கு புவிசார் குறியீடு சும்மா கொடுக்கல.

மிக்ஸிதான் கதின்னா ஐஸ் போடுங்க தங்கச்சி. 100 கிராம் ஐஸ்கட்டி உருகி மாவோட சூட்டுக்கு வர்றதுக்கு சுமார் 46 கிலோஜூல் வாங்கிக்கிடும், ஒரு கிலோ மாவுல 13 டிகிரி மிச்சம். ஊற வச்ச தண்ணிக்குப் பதிலா ஐஸ், அளவு ஏறிராம பாத்துக்கிடுங்க. அரை நிமிசம் ஓட்டி நிறுத்தி நிறுத்தி அரைங்க.

புளியரை மைந்தன்:
நான் கேட்டது ஒரு சோத்துக் கேள்வி, நீங்க பீரங்கி வரைக்கும் போயிட்டீங்க. சூடாறாப்பெட்டி எங்க கெடைக்கும் மருமகளே? புனலூர் பக்கம் கெடைக்குமா? கடலையும் அதுல போடலாமா, புட்டுக்கு கடலைக்கறி வாரத்துல நாலு நாள் எங்க வீட்ல.

பாலக்காட்டு மருமக:
புனலூர்ல பாத்திரக்கடைல கேட்டுப் பாருங்கண்ணா, சூடாறாப்பெட்டின்னாலே மலையாளத்துல எல்லாருக்கும் தெரியும். இல்லன்னா நல்ல அட்டைப்பெட்டில தெர்மோகோல் வெட்டி வச்சு, இல்ல வைக்கோல் திணிச்சு பழைய போர்வையைப் போத்தி நீங்களே பண்ணிக்கலாம். மீன் வர்ற தெர்மோகோல் பெட்டி வேண்டாம், எத்தனை கழுவினாலும் சோறு நெத்திலி வாசம் அடிக்கும். கொண்டைக்கடலையை ராத்திரி பூரா ஊற வச்சு குக்கர்லயே போடுங்க, பெட்டில அது சரிப்பட்டு வராது. சிவப்பு ராஜ்மா மட்டும் ஜாக்கிரதை, பச்சையா இருக்கும்போது அதுல ஒரு நச்சு இருக்கு, ஊற வச்ச தண்ணியைக் கொட்டிட்டு புதுத் தண்ணில நல்லா தளதளன்னு பத்து நிமிசமாவது கொதிச்சாத்தான் போகும், அரைகுறை சூட்டுல வச்சா வாந்தி பேதிதான். அப்புறம் சோறு வெந்துச்சுன்னா எடுத்து வடிச்சிருங்க, ராத்திரி பூரா பெட்டிலயே விட்டா 60 டிகிரிக்குக் கீழ இறங்கி காலைல ஊசிப்போயிருக்கும்.

கடையத்துக்காரி:
எங்க பரண்ல கல்யாணத்துக்கு வந்த ஃபிரிட்ஜ் தெர்மோகோல் அப்படியே கெடக்கு. நாளைக்குப் பொன்னி அரிசில போட்டுப் பாக்கேன். பொன்னிக்கு எத்தனை நிமிசம் கொதிக்கணும்மா?

பாலக்காட்டு மருமக:
பொன்னின்னா மறுகொதி வந்து மூணு நாலு நிமிசம் போதும்க்கா, அப்புறம் பெட்டில அரை மணி நேரம். முதல் தடவை கொஞ்சம் முன்னாடியே எடுத்துப் பாருங்க, குழைஞ்சு போச்சுன்னா ஒண்ணும் பண்ண முடியாது.